எட்டாத வண்டி

அண்ணன் கார் வாங்கியதும் தன் மோட்டார் சைக்கிளைத் தங்கை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, சாவியை அவள் கையில் கொடுத்தான். கொடுத்த கையோடு, "இது உனக்கு எட்டாது, பேசாம வித்துடு" என்றும் சொல்லிவிட்டுப் போனான். சாவி கைக்கு வந்த சந்தோஷத்தில் அவன் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் கட்டுக்காரி என்றுதான் சொல்வார்கள். கை கால் முறிந்து வருகிறவர்களுக்கு மாவுக்கட்டு போடுவதும், எலும்பு கூடியதும் அதை மெஷினால் அறுத்து எடுப்பதும் அவள் வேலை. ஆள் குள்ளம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் கட்டுப் போடுவாள். ஆனால் கை இரும்பு. நனைத்த பட்டையை அவள் ஒரு சுற்று இழுத்துச் சுற்றினால் அழுதுகொண்டிருக்கிற முரட்டு ஆளும் கப்சிப் ஆகிவிடுவான்.

வண்டி ஓட்ட அவளுக்கு நன்றாகவே தெரியும். கல்யாணத்துக்கு முன்பு அண்ணனின் பழைய சின்ன வண்டியை அவள்தான் ஓட்டித் தேய்த்தாள். இது பெரிய வண்டி. ஸ்டாண்டை எடுத்து, ஒரு பக்கமாகச் சாய்த்து, தாவி ஏறி, கிளம்பிவிட்டால் அப்புறம் அவள்தான் ராணி. ஓடுகிறவரை ஒரு தொல்லையும் இல்லை, நிற்கும்போதுதான் வினை.

முதல் நாளே அது நடந்தது. மேட்டில் ஒரு சிக்னல். சிவப்பு விழுந்ததும் நிறுத்தினாள். இடது கால் கட்டைவிரல் மட்டும் தார்ச்சாலையைத் தொட்டது, வலது கால் அந்தரத்தில் தொங்கியது. வண்டி மெல்ல, மிக மரியாதையாக, வலது பக்கம் சாயத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற பஸ்ஸின் ஜன்னல்களில் இருந்த அத்தனை தலைகளும் அதோடு சேர்ந்து சாய்ந்தன. அவள் கடைசிவரை ஹேண்டிலை விடவில்லை. வண்டியோடு சேர்ந்தே படுத்தாள்.

அடி ஒன்றும் இல்லை. இண்டிகேட்டர் கண்ணாடி உடைந்தது, மானம் கொஞ்சம் சிராய்த்தது. இரண்டு பேர் இறங்கி வந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். ஒருவர் அக்கறையாகக் கேட்டார்: "வீட்டுல ஸ்கூட்டர் இல்லையாம்மா?"

தெருமுனை மெக்கானிக்கும் அதையேதான் சொன்னான். "அக்கா, இது ஆம்பளைங்களுக்கே உயரம். ஸ்கூட்டருக்கு மாத்திக்கங்க, நிம்மதியா இருக்கும்."

"சீட்டைக் குறைக்க முடியுமா முடியாதா, அதை மட்டும் சொல்லு."

"முடியும்தான். ஆனா நான் செய்றதில்லக்கா. வெட்டிக் குடுத்தா அப்புறம் உக்காரவே முடியலன்னு சண்டைக்கு வருவாங்க."

முடியும் என்று ஒருவன் சொல்லிவிட்டான். அது போதாதா? வீட்டுக்கு வந்து, நானே செய்கிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சிக்னலில் நின்றதும் ஒற்றைக்காலில்தானே என்று கணவன் வாயை விட்டான். அன்று சாயங்காலம் அவன் காப்பியை அவனே போட்டுக் குடித்தான்.

கணவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். நல்ல உயரம், நல்ல எடை, பரம சாது. இரண்டு சக்கரத்தில் போகும் எதன்மேலும் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. கடைக்குப் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வருவான். வீட்டில் மூன்றாவது ஆள் மாமியார். செருப்புத் தொழிற்சாலையில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு கிடைத்ததிலிருந்து அவர் பட்ட அவஸ்தை கொஞ்சநஞ்சமல்ல. டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். தலையணை உறைகளைப் பிரித்துத் திரும்பத் தைப்பார். நல்லாத்தானே இருந்தது என்று மகன் கேட்டால், "தையல் கோணல்டா" என்பார்.

சமையலறைக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட ஒரு இடம். துணி துவைக்கும் கல், பழைய பீரோ, உடைந்த நாற்காலி எல்லாம் அங்கே கிடந்தன. கட்டுக்காரி அவற்றை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு வண்டியை உள்ளே ஏற்றினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சீட்டைக் கழற்றித் துவைக்கிற கல்மேல் கவிழ்த்துப் போட்டாள். அடியில் தகரத் தட்டு, அதைச் சுற்றி ரெக்சினைப் பிடித்திருந்த கம்பிப் பின்கள். கைக்கு அகப்பட்ட கத்தியால் ஒவ்வொன்றாக நெம்ப ஆரம்பித்தாள்.

மாமியார் காப்பி டம்ளரோடு வந்து கதவோரம் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தாங்கவில்லை.

"அது நான் காய் வெட்டுற கத்தி."

"கழுவி வெச்சிடுறேன் அத்தை."

"கத்தியை விடு. நீ ரெக்சினைக் கிழிக்கிற பாரு, அதைத்தான் பார்க்க முடியல. தையல் ஓரமா பிரிக்கணும், அப்பத்தான் அதையே அளவா வெச்சுப் புதுசு வெட்டலாம். நகரு."

டம்ளரை மருமகள் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முட்டி வலி என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். மீன் தோலை உரிப்பதுபோல் உறையை முழுசாக உரித்து எடுத்துத் தூக்கிப் பிடித்து, உள்பக்கத் தையலைப் பார்த்துவிட்டு, "எவனோ தூங்கிக்கிட்டே தைச்சிருக்கான்" என்றார்.

அந்த நிமிஷத்திலிருந்து வண்டி இரண்டு பேருக்குச் சொந்தமாகிவிட்டது.

முதல் முயற்சி படுதோல்வி. உள்ளே இருந்த ஃபோம் நல்ல தடிமன். இவ்வளவு எதற்கு என்று ஆக்ஸா பிளேடை வைத்துக் கட்டுக்காரி பாதிக்கு மேல் அறுத்துத் தள்ளிவிட்டாள். உறையை இழுத்து மாட்டி ஏறி உட்கார்ந்தால், ஆகா, முன்பாதம் இரண்டும் தரையில் படுகிறது! மறுநாள் வேலைக்கு அதிலேயே போனாள். பாதி வழியிலேயே தெரிந்துவிட்டது. தான் உட்கார்ந்திருப்பது சீட்டில் இல்லை, தகரத்தில். சாலையில் கிடந்த ஒவ்வொரு கல்லும் நேராக முதுகெலும்பில் வந்து கையெழுத்துப் போட்டது. அன்று ஆஸ்பத்திரியில் அவள் உட்காரவே இல்லை. சாப்பாட்டையும் நின்றுகொண்டே சாப்பிட்டாள். கட்டுப் பிரிக்க வந்த ஒரு பெரியவர், "எனக்குத்தான் கால் உடைஞ்சுது, நீ ஏம்மா இப்படி நடக்கற?" என்று கேட்டார்.

மெக்கானிக் ஏன் சீட் வெட்டுவதில்லை என்பது இப்போது அவளுக்கு விளங்கியது. அதற்காக விட்டுவிடுவாளா? வீட்டுக்கு வரும்போதே யோசனை ஓடிக்கொண்டிருந்தது. வந்து பார்த்தால் மாமியார் அவளுக்கு முன்பே யோசித்து முடித்துவிட்டுக் காத்திருந்தார்.

"ஏம்மா, உயரத்தை மட்டும்தானே நீ பார்க்கற? அகலத்தைப் பார்த்தியா? முன்பக்கம் இவ்வளவு அகலமா இருந்தா தொடை விரிஞ்சுதான் நிக்கும். கால் நீளத்துல பாதி அதுலயே போயிடுது. டேங்க் பக்கம் ஒடுக்கமா செதுக்கிட்டா காலு நேரா கீழே இறங்கும். உயரத்தை ரொம்பக் குறைக்க வேணாம்."

கட்டுக்காரி மாமியாரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சமையலறை நாற்காலியில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, தொடையை விரித்தும் சேர்த்தும் பார்த்தாள். கால் இறங்கியது. நிஜமாகவே இறங்கியது.

"அத்தை, நீங்க எங்கயோ இருக்க வேண்டிய ஆளு."

"இங்கதான் இருக்கேன். வேலையைப் பாரு."

மீதி யோசனை அவளுடையது. மனுஷன் உட்காரும்போது எடை முழுக்க இடுப்புக்கு அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகளில்தான் இறங்கும். அந்த இடம் தெரிந்தால் அங்கே மட்டும் கெட்டி ஃபோம் வைத்து மற்ற இடத்தைத் தாராளமாகச் செதுக்கலாம். இடம் எப்படித் தெரியும்? மாவுக்கட்டுப் பட்டை நாலைந்தை மடித்துப் பலகைபோல் ஆக்கி, தண்ணீரில் நனைத்து, சீட்டின் தகரத் தட்டின்மேல் பரப்பி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைப் போட்டாள். தட்டை வண்டியில் மாட்டி ஏறி உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சாலையில் போவதுபோல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கணவன் கடையிலிருந்து வந்தான். மனைவி நிறுத்திவைத்த வண்டியில், எஞ்சின் ஓடாமல், முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அம்மா பக்கத்தில் மூச்சுவிடாமல் நிற்கிறார்.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"அசைக்காதடா அவளை. மாவு இறுகுது."

"சூடா இருக்குங்க" என்றாள் அவள், தலையைத் திருப்பாமலே. மாவு இறுகும்போது சூடேறும் என்று தினமும் நோயாளிகளுக்குச் சொல்கிறவள் அவள்தான். அது இவ்வளவு சூடு என்று இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

கணவன் உள்ளே போனான். உள்ளேயிருந்து அவன் சிரிக்கும் சத்தம் கேட்டது. மாமியாருக்கும் சிரிப்புப் பற்றிக்கொண்டது. அச்சு கெட்டுவிடும் என்று கட்டுக்காரி மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு தாக்குப்பிடித்தாள். இறங்கிப் பார்த்தபோது வெள்ளை மாவில் இரண்டு பள்ளங்கள் சொல்லிவைத்தாற்போல் பதிந்திருந்தன. அந்த இரண்டு இடத்திலும் கெட்டி ஃபோமை வெட்டிப் பதித்து, மேலே மெத்தென்று ஒரு அடுக்கு ஒட்டி, முன்பக்கத்தை நாய்மூக்குபோல் ஒடுக்கிச் செதுக்கினார்கள். உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து ஃபோம் தூள் பறந்து, இரண்டு பேர் தலையும் நரைத்துப்போயிற்று.

இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. கட்டுக்காரியின் மனசில் ஒரு படம் இருந்தது. ஒற்றை ஆள் உட்காரும் குட்டிச் சீட், அதற்குப் பின்னால் மொட்டையாக வெட்டிய மட்கார்டு, வேறு ஒன்றுமில்லை. பத்திரிகையில் பார்த்ததிலிருந்து அதே நினைப்பு. பின்சீட்டை எடுத்துவிட்டால் பின்பக்கம் முழுசும் லேசாகிவிடும், பார்க்கவும் சிங்கக்குட்டி மாதிரி இருக்கும். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்து மாமியாருக்குக் காட்டினாள்.

மாமியார் பார்த்தார். "நல்லாருக்கு" என்றார். ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு உள்ளே போய் டிவியைப் போட்டுக்கொண்டார்.

மறுநாளும் அவர் தகரக்கூரைப் பக்கம் வரவில்லை. கேட்டால் முட்டி வலி என்றார். வெட்டிவைத்த ரெக்சின் அப்படியே கிடந்தது. கட்டுக்காரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கணவனிடம் கேட்டாள்.

"ஏங்க, அத்தைக்கு என்மேல ஏதாவது கோபமா?"

அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "நீ ஒத்தைச் சீட்டு போடப் போறியாமே."

"ஆமா. நீங்கதான் ஏற மாட்டீங்களே."

"நான் ஏற மாட்டேன். அம்மா ஏற மாட்டாங்கன்னு உனக்கு யார் சொன்னா?"

அவளுக்குச் சுருக்கென்றது. நேராகப் போய் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிவியில் யாரோ யாரையோ வீட்டைவிட்டுத் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, வண்டியில வரணும்னு ஆசையா உங்களுக்கு?"

"எனக்கென்ன ஆசை. இந்த வயசுல."

"இதுக்கு முன்னாடி உக்காந்திருக்கீங்களா?"

"எங்க? கம்பெனி பஸ் ஏத்திக்கிட்டுப் போகும், கம்பெனி பஸ் எறக்கி விடும். ஜன்னலுக்கு வெளிய எவளாவது பைக்கு பின்னாடி உக்காந்து முந்தானை பறக்கப் போவா. அவளைப் பார்த்துக்கிட்டே போவேன். அவ்வளவுதான்." டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நீ ஒண்ணும் எனக்காக மாத்த வேணாம். சிங்கக்குட்டி மாதிரி இருக்கட்டும்" என்றார்.

கட்டுக்காரி எழுந்துபோய்த் தரையில் இருந்த சுண்ணாம்புப் படத்தைத் துடைப்பத்தால் அழித்தாள். திரும்பி வந்து சமையலறை வாசலில் நின்று, "அத்தை, எழுந்து வாங்க. அளவு எடுக்கணும்" என்றாள்.

முட்டி வலி போன இடம் தெரியவில்லை.

புதுத் திட்டப்படி சீட் இரண்டு படியானது. முன்னால் அவளுக்குப் பள்ளமான படி, பின்னால் மாமியாருக்கு ஒரு விரல் உயரத்தில் தட்டையான சின்னப் படி. மட்கார்டின் நீண்ட வாலை மட்டும் வெட்டுவது என்று முடிவானது. அதைத் தொடுவதற்கு முன்னால் இன்னொன்றைப் பார்க்க வேண்டியிருந்தது. பள்ளத்தில் விழும்போது சக்கரம் மேலே ஏறும். இரண்டு பேர் உட்கார்ந்தால் இன்னும் ஏறும். ஏறிப்போய் மட்கார்டில் இடித்தால் ஆபத்து. எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அவள் கட்டுப் போடும் மாவைக் குழைத்துக் கொழுக்கட்டை அளவுக்கு ஓர் உருண்டை பிடித்து, எண்ணெய் தடவிய தாளில் சுற்றி, டயரின் உச்சியில் வைத்தாள். "இப்ப இவரைக் கூப்பிடுங்க அத்தை."

"நானா? எதுக்கு?" என்றான் கணவன்.

"நீங்கதான் இந்த வீட்டுல கனமான பொருள்."

அம்மா ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் வண்டியைப் பிடித்துக்கொள்ள, அவன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தான். குதிக்கச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு குதித்தான். இன்னும் நன்றாக என்றார்கள். ஷாக் அப்சார்பர் அடிவரை அமுங்கும்படி ஒரு குதி குதித்தான். இறங்கும்போது முகத்தில் ஒரு பெருமை இருந்ததை இரண்டு பேரும் கவனித்தார்கள், சொல்லவில்லை. உருண்டையை எடுத்துப் பார்த்தால் நசுங்கியிருந்தது, ஆனால் கட்டைவிரல் தடிமனுக்கு மிச்சமிருந்தது. சக்கரம் எங்கும் முட்டவில்லை. போதும்.

வெட்டுகிற நேரம் வந்ததும்தான் அவளுக்குத் தயக்கம் வந்தது. ஃபோமை வெட்டினால் திரும்ப ஒட்டலாம், இரும்பு அப்படியா? லைட்டுக்குப் போகிற ஒயரைக் கழற்றி ஓரமாகக் கட்டினாள். கோட்டை ஒருமுறைக்கு மூன்றுமுறை பார்த்தாள். மாமியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "வெட்டு, வெட்டிடு, யோசிச்சா வெட்ட மாட்டே" என்றார். பிளேடு முதல் இழுப்பில் வழுக்கியது, அடுத்த இழுப்பில் கடித்தது. அப்புறம் கிறீச் கிறீச்சென்று தெருவே பல்லைக் கடிக்கும்படி ஒரு சத்தம். வால் துண்டு டணாரென்று சிமெண்டில் விழுந்தபோது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வண்டி ஒரே வெட்டில் இளமையாகிவிட்டது. முடி வெட்டிக்கொண்டு வந்த பையன் மாதிரி நின்றது.

லைட்டையும் நம்பர் பலகையையும் மேலே ஏற்றிப் பொருத்தி, மறுநாள் காலையில் ஜம்மென்று கிளம்பினாள். சிக்னலில் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பாவியது. பக்கத்தில் ஒரு பஸ்கூட இல்லையே என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது. வழியில் ஒரு தூறல். சாலை நனைகிற அளவுக்குத்தான். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்லிக்கொண்டே தாழ்வாரம் முழுக்க நடந்தாள். அவள் கடந்துபோன பிறகு ஒவ்வொருவராகச் சிரிக்கத் தொடங்கினார்கள். கடைசியில் ஒரு நர்ஸ் அவளை நிறுத்தித் திருப்பி முதுகைப் போட்டோ எடுத்துக் காட்டினாள். வெள்ளைச் சட்டையில் இடுப்பிலிருந்து பிடரிவரை ஒரே நேர்கோட்டில் சேறு. அணில் முதுகில் கோடு போட்டதுபோல் இருந்தது.

சாயங்காலம் மாமியார் அந்தச் சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"பின்னாடி நான் உக்காந்திருந்தா இது என் முதுகுல."

"ஆமா அத்தை."

"என் புதுச் சேலையில."

"ஆமா அத்தை."

வெட்டிய வாலைத் திரும்ப ஒட்டவா முடியும்? மனசும் வரவில்லை. அப்போதுதான் கட்டுக்காரிக்கு அந்த யோசனை உதித்தது. மாவுக்கட்டு மாதிரியே ஃபைபர் கட்டு என்று ஒன்று உண்டு. சுருளாக வரும். தண்ணீரில் நனைத்துச் சுற்றினால் கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும், மழையில் நனைந்தாலும் கரையாது. தேதி தாண்டிய சுருள்களை ஆஸ்பத்திரியில் எப்படியும் தூக்கிப் போடத்தான் போகிறார்கள். பிரிவுத் தலைவரிடம் கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்டார். மட்கார்டுக்கு என்றாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முடிஞ்சதும் எனக்குக் காட்டணும்" என்று மட்டும் சொல்லி எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு அந்தத் தகரக்கூரைக்கு அடியில் நடந்தது ஓர் ஆபரேஷன்தான். டயரின்மேல் பழைய செருப்பு ரப்பரை அடுக்கிக் கட்டி உயரம் கொடுத்து, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றினார்கள். கையுறை போட்டுக்கொண்டார்கள். நனைத்த பிறகு பேச நேரம் இருக்காது என்று கட்டுக்காரி முன்கூட்டியே சொல்லிவைத்தாள். கணவன் வாளியோடு நின்றான்.

"ஆரம்பிக்கலாமா?"

"ம்."

முதல் சுருளை நனைத்து இழுத்தாள், மாமியார் தடவினார். அடுத்த சுருள் குறுக்கே, அதற்கடுத்தது நெடுக்கே. "ஓரத்தை மடிங்க அத்தை, ஓரத்தை!" "மடிச்சாச்சு, நீ அடுத்ததை விடு." "இங்க காத்துக் குமிழ் இருக்கு." "பார்த்துட்டேன்." கணவன் தண்ணீரைத் தன் காலில் பாதியும் வாளியில் பாதியுமாக ஊற்றிக்கொண்டிருந்தான். கைக்கடியில் அது வெதுவெதுவென்று உயிர் வந்ததுபோல் சூடாகி, இளகி, பிசுபிசுத்து, அப்புறம் திடீரென்று அசையமாட்டேன் என்றது. மூன்று பேரும் பின்வாங்கி நின்றார்கள். கட்டுக்காரி விரல் கணுவால் தட்டினாள். டக் டக்.

"இறுகிடுச்சு."

"கழற்றிப் பார்ப்போமா?"

"கொஞ்சம் பொறுங்க அத்தை."

"எவ்வளவு நேரம் பொறுக்கறது?" என்று கேட்டது கணவன்.

கழன்று வந்தது, வாழைமட்டை மாதிரி வளைந்து, லேசாக, உறுதியாக. ஓரத்தைச் சீராக அறுத்து, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு, துளையிட்டு, ரப்பர் வாஷர் வைத்து போல்ட் மாட்டினார்கள். வர்ணத்தில்தான் சண்டை. மருமகளுக்கு மங்கல் கறுப்பு வேண்டும், மாமியாருக்குச் சிவப்பு வேண்டும். கறுப்பு அடித்தால் துக்கத்துக்குப் போகிற வண்டி மாதிரி இருக்கும் என்றார் அவர். சிவப்பு அடித்தால் தீயணைப்பு வண்டி என்றாள் இவள். கடைசியில் மட்கார்டு கறுப்பு, சீட்டின் தையல் நூல் சிவப்பு என்று சமாதானமாயிற்று. மாமியார் அந்தச் சிவப்பு நூலால் இரட்டைத் தையல் போட்டார் பாருங்கள், ஓரத்தில் ஒரு பிசிறு கிடையாது. தைத்து முடித்துக் கையால் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மாற்றம் செய்த வண்டியை அதிகாரியிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது சட்டம். ஒரு நாள் லீவு போட்டாள். மாமியார் புதுச் சேலை கட்டி, தலைக்கவசத்தை மாட்டி, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக மோட்டார் சைக்கிளில் ஏறினார். தெரு திரும்பும்வரை மூச்சுக் காட்டவில்லை. பெரிய சாலைக்கு வந்ததும் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இதைவிட வேகமா போகாதா இது?"

வண்டிகளைச் சோதிக்கும் ஆபீஸின் முற்றத்தில் ஒரு வரிசை வண்டிகள் நின்றன. ஆய்வாளர் சிரிப்பையே மறந்துபோன முகத்தோடு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். லைட்டைப் போடச் சொன்னார், பிரேக் பிடிக்கச் சொன்னார், மட்கார்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. தட்டினார். இது என்ன பொருள் என்று கேட்டார். கைகால் உடைந்தால் போடுகிற கட்டு என்றாள். அவர் புருவம் உயர்ந்தது. அவரே கால் போட்டு ஏறி உட்கார்ந்து பார்த்தார். அவருடைய முழங்கால் இரண்டும் டேங்குக்கு மேலே வந்து நின்றன. அதிலிருந்து எழுந்திருக்க மனசில்லாதவர்போல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கினார்.

"எல்லாம் சரி. பின்னாடி உக்கார்றவங்க பிடிச்சுக்க எதுவும் இல்லையே. பிடி இல்லாம அனுமதி குடுக்க முடியாது."

இரண்டு பேரும் பேந்தப் பேந்த விழித்தார்கள். பழைய பின்சீட்டில் ஒரு பட்டை இருந்தது. புதுசு தைக்கும்போது அது இரண்டு பேருக்கும் அடியோடு மறந்துபோயிருந்தது.

"எப்ப திரும்பி வரலாம் சார்?"

"இனிமே அடுத்த மாசம்தான். இல்ல, நான் இந்த வரிசையை முடிக்கறதுக்குள்ள சரி பண்ணிட்டா இன்னிக்கே பார்க்கறேன்."

சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். வரிசையில் பின்னால் கொஞ்சம் வண்டிகள்தான் மிச்சம். கட்டுக்காரிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. திரும்பிப் பார்த்தால் மாமியார் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். சீப்பு, மாத்திரை, சில்லறை, மெழுகு பூசிய நூல்கண்டு, தோல் தைக்கும் ஊசி. பிறகு ஒரு தயக்கமும் இல்லாமல் அந்தப் பையின் அகலமான தோல் வாரை இரண்டு பக்கமும் அறுத்தார்.

"அத்தை, நல்ல பை அது."

"வாரும் நல்ல வார்தான். சீட்டைக் கழற்று."

அவள் ஸ்பேனரை எடுத்தாள். சீட் கழன்றது. வாரைச் சீட்டுக்குக் குறுக்கே போட்டு, தகரத் தட்டுக்கு அடியில் சுற்றிக் கொண்டுவந்து, முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மாமியார் தைக்க ஆரம்பித்தார். ஊசி ஏறாத இடத்தில் கட்டுக்காரி ஸ்பேனரின் பின்பக்கத்தால் அழுத்தினாள். வரிசையில் நின்றவர்கள் தங்கள் வண்டிகளை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். ஒரு ஆட்டோக்காரர் நிழலுக்குக் குடை பிடித்தார். இன்னொருவர் போய் ஆய்வாளரிடம் தன் வண்டியின் ஹாரன் சரியாக அடிக்கிறதா என்று வேண்டுமென்றே மூன்றுதடவை சோதிக்கச் சொன்னார். கடைசித் தையலைப் போட்டு, முடிச்சிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார் மாமியார். சீட் மேலே ஏறியது, போல்ட் இறுகியது. அந்த நேரத்தில் ஆய்வாளர் வந்து நின்றார்.

வாரைப் பிடித்து இழுத்தார். இன்னும் பலமாக இழுத்தார். வண்டியே பின்னால் நகர்ந்ததே தவிர வார் நகரவில்லை.

"யார் தைச்சது?"

"நான்தான்" என்றார் மாமியார்.

ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டு, போகும்போது, "நல்லாருக்கு" என்றார். முற்றத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். திரும்பும் வழியில் மாமியார் ஒரு கையில் வார் இல்லாத பையைப் பச்சைக்குழந்தைபோல் இடுக்கிக்கொண்டு, மறுகையால் அந்த வாரைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை மட்டும் வேண்டுமென்றே கொஞ்சம் விட்டுப் பறக்கவிட்டார். சக்கரத்தில் சிக்கிவிடும் அத்தை என்று மருமகள் கத்தியதும் உள்ளே இழுத்துச் செருகிக்கொண்டார். ஆனால் அதற்குள் ஒரு பஸ்ஸை அவர்கள் தாண்டியிருந்தார்கள்.

முற்றத்தில் நின்ற யார் மூலமோ விஷயம் பரவியிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு காலையில் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தபால் கொண்டுபோகிற பெண். வண்டியிலிருந்து இறங்கினாள், இறங்கிக்கொண்டே இருந்தாள், அவ்வளவு உயரம். கதவு நிலைக்குக் குனிந்து உள்ளே வந்தாள்.

"இங்கதான் சீட் மாத்தித் தர்றீங்களா? எனக்கு முட்டி ரெண்டும் ஹேண்டில்ல இடிக்குது. நாள் முழுக்க இதுலதான் இருக்கேன். ஏத்திக் குடுக்க முடியுமா?"

கட்டுக்காரி அண்ணாந்து பார்த்தாள். இவ்வளவு நாளும் குறைப்பதைப் பற்றியே யோசித்தவர்கள். ஏற்றுவது என்று ஒன்று இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தோன்றியதில்லை.

"முடியுமா அத்தை?"

மாமியார் அதற்குள் டேப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "நேரா நில்லும்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "டேய், மாவு குழைக்கத் தண்ணி கொண்டா."

"கொண்டுவந்துட்டேன்" என்றான் அவன். வாளியோடு ஏற்கெனவே கதவருகே நின்றுகொண்டிருந்தான்.